லயத்துச் சுவரில் இருக்கும் கூடு

...கால் கழுவத்தான் இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடலாம், வேன் நின்ற இடத்தில் சேறு இருந்தது, அது பொய்யில்லை, ஆனால் அதே சேறு என் பேராசிரியை மெடத்தின் சப்பாத்திலும் இருந்தது, கூடப் படிக்கும் ஆஸிக்கின் செருப்பிலும் இருந்தது, அவர்கள் இருவரும் முன்வாசல் கால்துடைப்பானில் தேய்த்துவிட்டுப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள், நான் மாத்திரம் ஏன் அந்தூரியச் சட்டிகளைச் சுற்றிக்கொண்டு, கராஜைக் கடந்து, துரை பங்களாவின் பின்புறக் குசினி விறாந்தையில் வந்து நிற்கிறேன்? யாரும் என்னை இங்கே அனுப்பவில்லை. கேட்டைத் திறந்த காவலாளி கூட ‘வாங்க மிஸ்’ என்றுதான் சொன்னார். என் பையில் பல்கலைக்கழக அடையாள அட்டை இருக்கிறது, கையில் மடிக்கணினி இருக்கிறது, அதற்குள் என் முழு ஆராய்ச்சியும் இருக்கிறது, இவ்வளவையும் சுமந்துகொண்டு கால்கள் தாமாகவே திரும்பிவிட்டன... சிறுவயதில் அம்மாவோடு லீவு கேட்க வந்த வழி, நத்தாருக்குக் கரோல் பாட வந்து, பாடி முடித்து, ஆளுக்கொரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு திரும்பிய வழி. எங்கள் தோட்டத்தில் பங்களாவுக்கு வரும் வழி என்று ஒன்றுதான் உண்டு, முன்வாசல் என்பது தூரத்திலிருந்து பார்ப்பதற்கு. இதற்காக நான் யாரைக் கோபித்துக்கொள்வது? துரையையா? அவர் இந்தத் தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்தவர், என்னை இன்னும் கண்ணால் கூடக் காணவில்லை.

கோபம் வரும்போது ஆராய்ச்சியை நினைத்துக்கொள், மனம் ஒழுங்குபடும் என்பார் மெடம். சரி, நினைத்துக்கொள்கிறேன். கொசுத்தேனீ, கொட்டாத, மிகச் சிறிய காட்டுத் தேனீ, மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் குடியிருக்கும், வாசலுக்குப் பிசினால் ஒரு சின்னக் குழாய் கட்டிக்கொள்ளும். ஒரே இனத்தை நான் மூன்று இடங்களில் பிடித்தேன், ஓடைக்கு மேலே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டில், றப்பர் மலையில், பிறகு தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துச் சுவரில். நுணுக்குக்காட்டியின் கீழ் ஊசி நுனியால் குடலை இழுத்தெடுத்து, அதற்குள் வாழும் நுண்ணங்கிகள் எவை எவை என்று பார்த்தோம். காட்டுத் தேனீயின் குடலுக்குள் ஓர் ஊரே இருந்தது, மகரந்தத்தைச் செரிக்க உதவுபவை, நோயை அண்டவிடாதவை, இன்னும் பெயர் வைக்கப்படாதவை. றப்பர் மலைத் தேனீக்குள் அந்த ஊர் பாதியாய்ச் சுருங்கிக் கிடந்தது. தளிர் விடும் மாதங்களில் றப்பர் இலைக்காம்பில் சுரக்கும் தேனை விட்டால் அங்கே அவற்றுக்கு வேறென்ன இருக்கிறது, கீழே பூக்கிற களையையெல்லாம் மருந்தடித்துக் கருக்கிவிடுகிறார்கள். லயத்துத் தேனீக்குள்... நல்லவை அநேகமாக இல்லை. அவற்றின் இடத்தில், மனிதருடைய குடலுக்குள் இருக்க வேண்டிய பற்றீரியாக்கள் இருந்தன. எப்படி வந்தன? தேனீக்குத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும், லயத்துக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கானில் போய்க் குடிக்கிறது, அந்தக் கானில்தான் மலக்குழிகள் கசிகின்றன, அந்தக் கானுக்குள்ளால்தான் எங்கள் குடிதண்ணீர்க் குழாயும் போகிறது, வெடித்த இடங்களில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கூட்டை லயத்தில் அம்மா குடியிருக்கும் காம்பராச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துப் பெட்டியில் வைத்துக் காட்டோரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். புதிதாகப் பொரித்து வந்தவற்றின் குடல் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுத் தேனீயின் குடலைப் போல் ஆயிற்று. அதே ராணி, அதே வம்சம், மாறியது இடம் மாத்திரம்... இல்லை மெடம், மன்னிக்க வேண்டும், மனம் ஒழுங்குபடவில்லை.

மனம் எப்படி ஒழுங்குபடும், இதையெல்லாம் நினைத்தால் நேரே ஷெரினிடம்தான் போய் நிற்கிறது. அக்காவின் மகள், இன்னும் நடக்கப் பழகவில்லை, வயிற்றோட்டத்தில் மறுபடியும் காய்ந்து சுருண்டு, கஹவத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடக்கிறாள், புறங்கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை என்று அக்கா நேற்றுத் தொலைபேசியில் அழுதாள். அக்கா அழுததுகூட எனக்குப் பெரிதில்லை. சென்ற மாதம் லயத்து முற்றத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் வந்து, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, பெண்கள் எல்லாரும் நிலத்தில் இருக்க, சிரித்தபடி சொன்னாராம், ‘நாங்க என்னா செஞ்சாலும் ஒங்க ஆளுங்க திருந்த மாட்டாங்க, கை கழுவுற பழக்கமே கெடையாது, அது பொறப்புலயே வர்றது’ என்று. பிறப்பிலேயே வருவது! கை கழுவத் திறக்கும் குழாயில் எது வருகிறது என்று அந்தக் கனவான் ஒருநாளாவது முகர்ந்து பார்த்தாரா? அன்றைக்கு அங்கே நான் இருந்திருந்தால்... என்ன செய்திருப்பாய், ரோஷானி? ஒன்றும் செய்திருக்க மாட்டாய். எழுந்து நின்று, ‘மன்னிக்கணும் சார்’ என்று தொடங்கியிருப்பாய். ஷெரின் பிறந்தபோது அந்தச் சுவர்க்கூட்டுத் தேனைத்தான் நாக்கில் ஒரு துளி தொட்டுச் சேனை வைத்தார்கள், எங்கள் லயத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் சேர்ச்சுக்குப் போகிறவர்களும் அதே தேனைத்தான் வைப்பார்கள், அதை நினைத்து நான் பல இரவுகள் தூங்கவில்லை, தேனில் ஒன்றுமில்லை, தண்ணீரில்தான் எல்லாம் என்று எனக்கே நான் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டேன், ஆனால் நிச்சயமாக எனக்கு என்ன தெரியும்?

“யாரு அது, தெரேசம்மா மகளா?” குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு நல்லையா மாமா வந்தார், பங்களாவின் சமையல்காரர், நான்கு துரைமாருக்குச் சமைத்தவர், தோளில் துவாய். “ஏம்மா இங்கிட்டு வந்து நிக்கிற? ஒங்க ஆளுங்க எல்லாம் முன்னுக்கு ஒக்காந்து பெட்டிஸ் திங்கிறாங்க.” கால் கழுவ வந்தேன் மாமா என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், காய்ந்திருந்தது, பார்வையை மெல்ல எடுத்துக்கொண்டார், அந்த மரியாதை எனக்கு அடியைப் போல் விழுந்தது. “நீ என்னமோ பெரிய படிப்பு படிக்கிறன்னு ஒங்கம்மா றப்பர் பால் வெட்டுற எடத்துல எல்லாம் சொல்லிக்கிட்டு திரியுது. என்னா படிப்பு, ஈ புடிக்கிற படிப்பா?” தேனீங்க மாமா. “ரெண்டும் பறக்குறது தானே. அதோட வயித்த வேற கிழிச்சுப் பாக்குறியாம்ல. ஏம்மா, மனுச வயித்த பாக்குற படிப்பு கெடைக்கலயா?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார், கேத்தலில் தண்ணீர் கொதித்தது, நானும் சிரித்தேன், மரியாதைக்காகச் சிரித்தேன்... மனித வயிற்றைப் பார்க்கிற படிப்பு. இன்று காலையில் வேனில் மெடம் சொன்னதும் அதுவேதான், வேறு பாஷையில், மிக நாகரிகமாக: நாம் பூச்சி ஆராய்ச்சி செய்பவர்கள், ரோஷானி, மனிதரைப் பற்றி ஒரு வசனம் சொல்லவும் நமக்கு அதிகாரமில்லை, தேனீயைப் பற்றி மாத்திரம் பேசு, அப்போதுதான் துரை அனுமதி தருவார். நான் தலையாட்டினேன். அறிக்கையை வெளியிடுமுன் தோட்டத்துக்குக் காட்ட வேண்டும் என்பது தொடக்கத்திலேயே செய்த ஒப்பந்தம், அதற்குத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம். லயத்துக் கூடுகளைப் பற்றிய பகுதி அறிக்கையில் நின்றுவிட்டால், ‘நல்ல தோட்டம்’ என்று சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள், படித்தால் கேட்பார்கள், கேட்டால் அந்தக் கானையும் குழாயையும் யாராவது பார்த்தே ஆக வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். கெட்டிக்காரத் திட்டம் என்றுகூட நினைத்திருந்தேன்.

கதவு பாதி திறந்திருந்தது, சாப்பாட்டறைக்கு அப்பாலிருந்து பேச்சுக் கேட்டது, சிங்களமும் ஆங்கிலமுமாக, துரையின் குரல் இளைய குரல், மென்மையான குரல். காட்டுத் துண்டைப் பற்றிய பகுதி மிகவும் அழகாக இருக்கிறது, பேராசிரியர், றப்பர் பகுதியும் பரவாயில்லை, மருந்தடிப்பதைக் குறைக்கச் சொல்லி நானே மேலிடத்துக்கு எழுதுகிறேன், ஆனால் இந்த லயத்துப் பகுதி... அது உண்மையில் இயற்கை வாழிடம் இல்லையே? வீட்டுச் சுவர்தானே? அதை எடுத்துவிட்டால் ஆராய்ச்சிக்கு ஏதும் குறையுமா? பேசுங்கள் மெடம். பிறகு கோப்பை தட்டில் படும் சத்தம், பிறகு மெடம்: எடுத்துவிடலாம்தான், இரண்டு வாழிடங்களை ஒப்பிட்டாலே ஒரு நல்ல கட்டுரை வரும்... எடுத்துவிடலாம்தான்! எடுத்துவிட அது என்ன, கறிவேப்பிலையா? சேற்றில் முழங்காலிட்டு, சுவர் வெடிப்பில் கண்ணை வைத்து, ஒவ்வொரு தேனீயாகப் பிடித்தவள் நான், கூட்டைப் பெயர்க்கும்போது சுவர் இடிந்துவிடாமல் அம்மா பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள். வீட்டுச் சுவர் இயற்கை வாழிடம் இல்லையாம். தேனீக்கு அது தெரியுமா? அங்கே பிறந்து, அங்கே தின்று, அங்கே குடித்து, அங்கே சாகிறது, அதற்கு வேறு எந்த வாழிடம்? மெடம் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம், அவர்தான் எனக்கு விடுதி பார்த்துத் தந்தவர், என் சிங்களம் தடுமாறியபோது பொறுமையாகக் காத்திருந்தவர், இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு மேசையைச் சுற்றி இருந்து, இவ்வளவு இனிமையாக, ஒரு லயத்தையே அழித்துவிடுகிறார்கள், யாரும் குரலை உயர்த்தக்கூட இல்லை.

“உள்ளுக்கு தானே போற, இதையும் கொண்டு போயிரும்மா, எனக்கு மூட்டு வலி,” என்று நல்லையா மாமா தேநீர்த் தட்டை நீட்டினார். மறுப்பதற்கு வாய் வரவில்லை. பெரியவர், மூட்டு வலி, நம் ஆள்... மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டை வாங்கிவிட்டேன். சாப்பாட்டறையைக் கடந்து நான் தட்டோடு நுழைந்தபோது துரை அறிக்கையைப் பார்த்தபடியே கையை நீட்டிக் கோப்பையை எடுத்து, ‘ஸ்தூதி’ என்று சிங்களத்தில் நன்றி சொன்னார், மிகவும் அன்பாகத்தான் சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆஸிக் முதலில் கண்டான், வாயில் பெட்டிஸ் இருந்தது, கண் விரிந்தது, “அடியேய், நீ எங்க போய்த் தொலஞ்ச?” என்றான் தமிழில், தணிந்த குரலில், அவன் கேகாலைக்காரன், எதையும் பகிடியாக்கிவிடுவான், இதை ஆக்கவில்லை, எழுந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மெடத்தின் முகம் சிவந்தது. ‘இவள்தான் ரோஷானி, முழு வேலையும் இவளுடையது’ என்றார் அவசரமாக. துரை சட்டென்று எழுந்து நின்றுவிட்டார், மன்னிக்க வேண்டும் மிஸ், நான் நினைத்தேன்... என்ன நினைத்தீர்கள் சார்? சொல்லுங்கள். சொல்லமாட்டீர்கள், நானும் கேட்கமாட்டேன், நாம் இருவருமே நன்றாக வளர்க்கப்பட்டவர்கள். ‘பரவாயில்லை சார்’ என்றேன். பற்கள் கிட்டித்திருந்தன, ஆனாலும் அது புன்னகையாகத்தான் வெளியே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு எனக்கு எப்படி அந்தப் பேச்சு வந்தது என்று தெரியவில்லை, உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றபடியே தொடங்கிவிட்டேன், சிங்களம் ஒருமுறையும் தடுமாறவில்லை. லயத்துப் பகுதியை எடுத்தால் ஆராய்ச்சியே இல்லை சார், என்றேன். காட்டில் இருப்பது நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரே தேனீ, தன் இனத்தால் கெட்டுப்போகவில்லை, இருக்கும் இடத்தால்தான் கெட்டுப்போகிறது, இடத்தை மாற்றினால் தேறிவிடுகிறது என்று காட்டுவது லயத்துக் கூடு மாத்திரம்தான். பிறப்பிலேயே வருவது என்று யாராவது சொன்னால் அது பொய் என்பதற்கு என்னிடம் தரவு இருக்கிறது. தேனீயைப் பற்றித்தான் பேசினேன், மெடத்துக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை, தேனீ குடிக்கும் தண்ணீர், தேனீ சுமக்கும் கிருமி, தேனீயின் குஞ்சு, தேனீயின் குடல், ஒவ்வொரு முறை தேனீ என்று சொன்னபோதும் என் கழுத்து நரம்பு புடைத்தது, ஆஸிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், மடிக்கணினித் திரையைத் துரையின் பக்கம் திருப்பி, இது சுவரில் இருந்தபோது, இது காட்டோரத்துக்குப் போன பிறகு, பாருங்கள் சார், என்று நுண்ணங்கிகளைக் குறிக்கும் நிறங்களைக் காட்டினேன். துரை பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், குனிந்து, நெற்றியைச் சுருக்கி, நீண்ட நேரம். அவருடைய முகத்தில் ஓர் இரக்கம் பரவியது, அதை நான் என் கண்ணால் கண்டேன், எனக்குள்ளே ஏதோ துள்ளியது, வந்துவிட்டது, அவருக்குப் புரிந்துவிட்டது, அக்கா, ஷெரின், அம்மா...

அனே, என்று உச்சுக்கொட்டினார் துரை, இது பெரிய பாவமில்லையா? இப்படி ஓர் இடத்தில் அவற்றை வைத்திருக்கலாமா? மிஸ் சொல்வது முழுக்கச் சரி, இந்தப் பகுதி அறிக்கையில் இருக்கட்டும், ஆனால் இதோடு நிறுத்தக்கூடாது, நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும். எல்லாக் கூடுகளையும் எடுத்துவிடுவோம்! லயத்துச் சுவர்களில் எத்தனை இருந்தாலும் எடுத்து, நல்ல பலாப் பலகையில் பெட்டி செய்து, காட்டோரத்தில் வைப்போம், தச்சனைத் தருகிறேன், ஆட்களைத் தருகிறேன், அவை குடிப்பதற்குச் சுத்தமான தண்ணீர்த் தொட்டி ஒன்றும் கட்டிக்கொடுப்போம், இதையும் அறிக்கையின் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெடம் மகிழ்ச்சியில் கைகளைக் கோத்துக்கொண்டார். எந்தத் தோட்டமும் இப்படிச் செய்ததாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார். வென்டுட்டியே, என்று ஆஸிக் முணுமுணுத்தான், ஆனால் அவன் முகம் வென்றவளைப் பார்க்கிற முகமாக இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். காதுக்குள் இரைந்தது. தேனீக்களை வெளியேற்றுகிறார்கள், அந்த இடம் தேனீ வாழத் தகுந்ததில்லை என்று என் தரவே நிரூபித்துவிட்டது, தேனீக்களுக்குச் சுத்தமான தண்ணீர், பலாப் பலகை வீடு... கத்த வேண்டும் போல இருந்தது, அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது, என் வாயோ, என்னைக் கேட்காமலே, ‘மிகவும் நன்றி சார்’ என்று சொல்லி முடித்திருந்தது.

துரை உற்சாகமாகத் தோட்டத்து வரைபடத்தை மேசையில் விரித்தார், பென்சிலை எடுத்தார், தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பது, மிஸ்ஸுக்குத்தானே மலை நன்றாகத் தெரியும். மேல் ஊற்றிலிருந்து, என்றேன், பாறைக்கு மேலே இருக்கிறது, கோடையிலும் வற்றாது. அவர் ஊற்றிலிருந்து காட்டோரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டார், சரிவில், அழகாக. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்... வேண்டாம் சார், என்று சொல்வது யார், நானா? வேண்டாம் சார், குழாயை இப்படிக் கொண்டுவர வேண்டும், என்று என் விரல் வரைபடத்தில் கீழே இறங்கி, லயத்தின் நீளத்துக்கும் ஓடி, அங்கிருந்து வளைந்து காட்டோரத்துக்குப் போயிற்று. துரை என் விரலைப் பார்த்தார். அது பெரிய சுற்று அல்லவா? ஆமாம் சார், சுற்றுத்தான். அப்படியானால் ஏன் மிஸ்? குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். மெடம் என்னைப் பார்த்தார், எச்சரிக்கிற பார்வை. தேனீயை வைத்து ஒரு காரணம் சொல்லியிருக்கலாம், சரிவில் மண் அரிக்கும், வெயிலில் குழாய் சூடாகும், தேனீ சூட்டுத் தண்ணீரைத் தொடாது, நாக்கில் எல்லாம் தயாராக இருந்தன, அவர் எதையும் நம்பியிருப்பார்.

லயத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் சார், என்றேன்.

குரல் நான் நினைத்ததைவிடத் தாழ்வாகத்தான் வந்திருந்தது, கோபம் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை, காட்டுக்குள் இதுவரை யாரும் காணாத ஓர் உயிரினத்தைக் கண்டுவந்து அறிவிப்பவளைப் போல, மிகவும் நிதானமாக, மரியாதையாக, ஆட்கள் இருக்கிறார்கள். துரையின் பென்சில் ஊற்றுக்கும் லயத்துக்கும் இடையில் காகிதத்தின் மேல் நின்றது. அவர் முகத்தில் எதையும் என்னால் வாசிக்க முடியவில்லை, போட்ட கோட்டை அழிக்கப் போகிறாரா, அதையே அழுத்தி வரையப் போகிறாரா... அந்தப் பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, ஆட்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன், என் அம்மா என்று சொல்லவில்லை, நாங்கள் என்று சொல்லவில்லை; இன்னும் யாரும் எதுவும் பேசவில்லை, அதைச் சொல்ல இப்போதும் நேரமிருக்கிறது, வாய் ஏன் திறக்கவில்லை...